மழை உலர்த்துபவள்

விடியற்காலை மூன்று ஐம்பதுக்குக் கூப்பிடுகிறார்
ஸ்டென்ஸ்ரூட்.
"பெய்கிறது" என்கிறார். அதற்கு மேல் பேச்சில்லை.
டிரெய்லரின் தகரக் கூரைமேல்
எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

உழவர் என்றால் மழைக்குக் கையெடுப்பவர் என்று
யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.
யாக்கிமாவுக்கு வந்து பாருங்கள், ஜூன் கடைசியில்.
இன்னும் பத்தே நாள், வானமே,
பொய்த்துவிடு, பொய்த்துவிடு என்று
முழங்கால் தேயக் கேட்கிற ஊர் இது.

பழுத்த செர்ரிக்குத் தண்ணீரை மறுக்கத் தெரியாது.
காம்புக் குழியில் ஒரு துளி தங்கினால் போதும்,
உறிஞ்சி உறிஞ்சித்
தன் தோலுக்கே பெரிதாகி
வெடிக்கும்.
பிறை போல் ஒரு கீறல்,
அவ்வளவுதான், பெட்டிக்கு ஆகாது.

அந்தத் துளியைத் தட்டிவிடுவது என் வேலை.
ஒரு ஹெலிகாப்டரால்.

சிரிக்கலாம். முதல் வருஷம் நானும் சிரித்தேன்.
மர உச்சிக்கு மேலே இரண்டு ஆள் உயரம்,
நடக்கிற வேகம்,
ஒரு வரிசைக்கு நாலு நிமிடம்,
முடிந்தால் திரும்பு, அடுத்த வரிசை.
இருட்டில் கண் மின்கம்பியைத் தேடும்,
பறவை வலையைத் தேடும்.
போன வருஷம் கம்பியைப் பார்க்காத வெண்டலின் தொப்பி
எரிபொருள் கொட்டகை ஆணியில் இன்னும் தொங்குகிறது.
எடுத்துவிட வேண்டுமென்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஆண்டுக்கு இரண்டு கோடை.
ஜூனில் இங்கே.
டிசம்பரில் சிலி, குரிகோவுக்குத் தெற்கே.
அங்கும் இதே பழம், இதே பயம்,
சீனப் புத்தாண்டுக்குள் கப்பல் கரைசேர வேண்டுமே என்று
கூடுதலாக இன்னொன்று.
மேகம் கறுத்ததும் திருமதி இனோஸ்ட்ரோசா
ஜெபமாலையை எடுப்பார்,
ஸ்டென்ஸ்ரூட் கால்குலேட்டரை.
விரல் நகர்வது என்னவோ ஒரே மாதிரிதான்.

தோப்பு வாசலில் மூன்று கார்கள்.
மிச்சோவாகானிலிருந்து வந்த டொமிதிலா,
அவள் கணவன் கிரெசென்சியோ, இன்னும் ஒன்பது பேர்,
நெற்றியில் விளக்கைக் கட்டியபடியே தூங்குகிறார்கள்.
வாளிக்கு இவ்வளவு என்று கூலி.
ஈரப் பழத்தில் கை வைக்க விடமாட்டார்கள்.
ஆக அவர்களுக்கும் சேர்த்துத்தான்
என் இறக்கை சுற்றுகிறது,
மணிக்கு ஆயிரத்து அறுநூறு டாலர்.

பதினொன்றாவது வரிசை முடிகிற இடத்தில்
ஸ்டென்ஸ்ரூட் நிற்கிறார்.
மஞ்சள் மழைச்சட்டை காற்றில் உடம்போடு ஒட்டிக்கிடக்க,
முகத்தில் மட்டும் போன் வெளிச்சம்.
கிடங்கிலிருந்து விலை வந்திருக்க வேண்டும்.
கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தார்.
நிறுத்து.
இன்னும் இருபத்தாறு வரிசை பாக்கி.

புரியாததுபோல் பன்னிரண்டாவதையும் ஓட்டினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

இறங்கி, இறக்கை ஓய்ந்ததும்
அமைதி வந்து காதில் அறைந்தது.
"பறிகூலிக்கே காணாது" என்றார்.
"மரத்திலேயே கிடக்கட்டும்."
ரேடியோவில் வானிலை வாசிக்கிற குரல்.
மழை அதற்குள் விட்டிருந்தது,
அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கார்க் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.
பதிமூன்றாவது வரிசையில் புகுந்த டொமிதிலா
வெடித்த பழம் ஒன்றைத் தின்று
கொட்டையைத் துப்பினாள்.
இன்னொன்று.
பிறகு வாளியைக் கொண்டுவரச் சொன்னாள்.
கிரெசென்சியோ ஸ்டென்ஸ்ரூட்டைப் பார்த்தான்,
அவர் மலையைப் பார்த்தார்.

எனக்கும் ஒரு கை நீட்டினாள்.
அப்படி ஓர் இனிப்பு.
எரிச்சலாக இருந்தது.

ரசீதில் நாற்பத்து நான்கு நிமிடம் என்று எழுதினேன்.
அவர் என் பேனாவை வாங்கி
அதை அடித்து
நாற்பத்தெட்டு ஆக்கினார்.